மருந்தடித்த பிறகும் குளவி பறக்கிறதா? அது மட்டும் போதாது

மருந்தடித்த மறுநாள் ஒட்டுண்ணிக் குளவிகள் (பயிரைத் தின்னும் பூச்சிகளின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும் குளவிகள்) பறப்பதைப் பார்த்து, 'நல்ல பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. சாகடிக்காத அளவிலும் இணை சேர்வதைக் கெடுத்துவிடும். நசோனியா என்ற குளவியில் ஆண், பெண்ணின் மேல் ஏறி நின்று தலையை ஆட்டி ஆட்டி வாசனை விடும். பெண் தலையைத் தாழ்த்தினால்தான் சம்மதம். மிகக் குறைந்த அளவு இமிடாகுளோபிரிட் பட்டாலே பெண் ஆணின் வாசனையைத் தேடிப் போவதும் குறைகிறது, இணை சேர்வதும் குறைகிறது.

இணை சேராத பெண் குளவியும் முட்டையிடும். ஆனால் பெரும்பாலான இனங்களில் அதிலிருந்து வருவது ஆண் மட்டுமே. ஆண் குளவி புழுவையோ பூச்சி முட்டையையோ தேடிப்போய்த் தாக்காது. பயிரைக் காப்பது பெண்தான்.

சரி, என்ன செய்யலாம்? பூச்சி உள்ள இடத்தில் மட்டும் அடியுங்கள், பூக்கும் நேரத்தில் வேண்டாம். இமிடாகுளோபிரிட் போலச் செடிக்குள் ஊடுருவும் மருந்து பூவின் தேனிலும் கலக்கும், குளவிகள் குடிப்பது அதைத்தான். டிரைக்கோகிரம்மா (பூச்சி முட்டைகளைத் தாக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி) அட்டை கட்டப் போகிறீர்கள் என்றால் முன்னும் பின்னும் மருந்தைத் தள்ளிப்போடுங்கள். அளவைக் குறைத்து அடித்தால் ஆபத்தில்லை என்ற கணக்கு இங்கே செல்லாது.