ஓர் இனத்தின் பரவல் வரைபடம் தயாரிப்பது எப்படி: புள்ளிகளும் வெற்றிடங்களும்

காப்பகத்தின் எல்லையை எங்கே போடுவது, ஒரு சாலைக்கு அனுமதி தருவதா மறுப்பதா, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் ஓர் இனத்தை எந்தப் படியில் வைப்பது என்பதெல்லாம் அந்த விலங்கோ தாவரமோ எங்கெல்லாம் வாழ்கிறது என்று காட்டும் பரவல் வரைபடத்தைப் பார்த்தே முடிவாகின்றன. ஆனால் கிடைத்த பதிவுகளை அப்படியே புள்ளிகளாக வைத்தால் தெரிவது ஆட்கள் போய்ப் பார்த்த இடங்கள்தான். சாலையோரத்திலும் நகரங்களைச் சுற்றியும் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும். எட்டாத காடு வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமை 'இல்லை' என்பதாலா, 'யாரும் பார்க்கவில்லை' என்பதாலா என்று பிரிப்பதில்தான் உழைப்பில் பாதி போகும்.

பதிவுகளைச் சேர்த்தல்

தொடங்க நல்ல இடம், உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் இணையதளம். அருங்காட்சியக மாதிரிகள், உலர் தாவரத் தொகுப்புகள், பொதுமக்கள் பதிவிடும் இ-பேர்டு, ஐநேச்சுரலிஸ்ட் தளங்கள் எல்லாவற்றின் பதிவுகளும் அங்கே வந்து சேர்கின்றன. தேடுமுன் அந்த இனத்தின் பழைய அறிவியல் பெயர்களையெல்லாம் பட்டியலிடுங்கள். ஒரே இனம் பின்னாளில் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், பழைய பெயரில் உள்ள பதிவு இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இரண்டின் பரவலும் ஒன்றன்மேல் ஒன்று படியாத பகுதியில் மட்டும் இடத்தை வைத்துப் பிரிக்கலாம். மற்ற இடங்களில் படமோ மாதிரியோ இல்லாத பதிவை விட்டுவிடுவதே நல்லது.

இறக்கிய கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்காதீர்கள். கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து அது தசமப் புள்ளியை விழுங்கிவிடும், தேதிகளையும் மாற்றிவிடும். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் அல்லது புள்ளியியல் மென்பொருளான ஆரில் ஏற்றி, அசல் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். நீக்கும் ஒவ்வொரு வரிக்கும் காரணத்தைத் தனி நெடுவரிசையில் எழுதி வையுங்கள். பிறகு ஒருவர் கேள்வி கேட்டால் அந்த நெடுவரிசைதான் கைகொடுக்கும்.

ஆயத்தொலைவுகளைச் சலித்தல்

பெரும்பாலான பிழைகள் இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்தான் ஒளிந்திருக்கும். சில வகைகள் திரும்பத் திரும்ப வரும்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இரண்டும் 0 என்றிருந்தால், புள்ளி ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் விழும். அது விடுபட்ட தகவல். இரண்டும் இடம் மாறியிருந்தால் தரைவாழ் விலங்கு கடலிலோ வேறு கண்டத்திலோ தெரியும். நாட்டின் நடுப்புள்ளியிலோ தலைநகரின் மீதோ அருங்காட்சியகக் கட்டடத்தின் மீதோ புள்ளி விழுந்தால், சேகரித்த இடம் தெரியாமல் யாரோ இட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். இவற்றை ஆர் மென்பொருளின் கோஆர்டினேட்கிளீனர் தொகுப்பு தானாகவே பிடித்துக் கொடுக்கும்.

அதற்கு எளிதில் சிக்காத பிழை ஒன்று உண்டு. 10 பாகை 30 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்பதை 10.30 என்று எழுதிவிடுவார்கள். சரியான தசம எண் 10.50. வித்தியாசம் 0.2 பாகை, தரையில் சுமார் 22 கி.மீ. ஒரே சேகரிப்பாளரின் பதிவுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். புள்ளிக்குப் பின்வரும் முதல் இரண்டு இலக்கங்கள் எங்கேயும் 59-ஐத் தாண்டவில்லை என்றால் இந்தக் குழப்பம்தான்.

அடுத்து, ஒவ்வொரு பதிவோடும் வரும் துல்லியமின்மை அளவை, அதாவது இடம் எத்தனை மீட்டர் பிசகியிருக்கலாம் என்பதை, பாருங்கள். தசமத்துக்குப் பின் 4 இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர் நுணுக்கம் என்பது எழுத்தளவில்தான். பழைய மாதிரிச் சீட்டில் மலையின் பெயர் மட்டும் இருந்து, பிறகு யாரோ அதற்கு எண் கொடுத்திருக்கலாம். சமவெளியில் 2 கி.மீ. பிசகு பெரிதாகத் தெரியாது. மலையில் அதே 2 கி.மீ. பல நூறு மீட்டர் உயரத்தை மாற்றிவிடும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பதால், தட்பவெப்பக் கணக்கு முழுதும் சரிந்துபோகும். அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் வேண்டுமென்றே 0.2 பாகைக் கட்டத்துக்குள் மறைத்து வைக்கிறது. அந்தப் புள்ளிகளை உண்மையான இடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பருவத்தையும் ஆண்டையும் மறக்க வேண்டாம். வலசைப் பறவைக்கு இனப்பெருக்கக் காலத்துக்கு ஒன்று, மற்ற காலத்துக்கு ஒன்று என இரண்டு வரைபடம் வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய பதிவை இன்றைய பதிவோடு ஒரே நிறத்தில் போட்டால், அழிந்துபோன இடமும் வாழும் இடமாகத் தெரியும்.

வெற்றிடத்தைப் படித்தல்

பரப்பைக் கட்டங்களாகப் பிரியுங்கள். பெரிய பகுதிக்கு 10 கி.மீ. கட்டம் போதும். இப்போது உங்கள் இனத்தை மட்டும் எண்ணாமல், அதே குழுவின் எல்லாப் பதிவுகளையும் எண்ணுங்கள். ஒரு வண்ணத்துப்பூச்சியை வரைகிறீர்கள் என்றால் எல்லா வண்ணத்துப்பூச்சிகளையும் எண்ண வேண்டும். ஒரு கட்டத்தில் பலர் பல மாதங்களில் எடுத்த 200 பதிவுகள் இருந்தும் உங்கள் இனம் வரவில்லை என்றால், அது அநேகமாக அங்கே இல்லை. பதிவே இல்லாத கட்டத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. ஆகவே மூன்று நிறம் வேண்டும்: கண்டது, தேடியும் காணாதது, தேடப்படாதது. மூன்றாவது நிறம் இல்லாத வரைபடத்தை எந்த முடிவுக்கும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நேரில் போய்த் தேடுவதற்கும் கணக்கு இருக்கிறது. இனம் அங்கே இருக்கும்போது ஒரு முறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தவறவிடும் வாய்ப்பு 0.7. அதை 0.7-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 9-ஆவது முறையில்தான் 0.05-க்குக் கீழே இறங்கும். அப்படியானால் 9 முறை போயும் காணாவிட்டால்தான் 'இல்லை' என்பதற்குக் கனம் வரும். வாய்ப்பு 50 விழுக்காடு என்றால் 5 முறை போதும். மழைக்காலத்தில் மட்டும் குரல் கொடுக்கும் தவளையைக் கோடையில் எத்தனை முறை தேடினாலும் கணக்கில் சேராது.

பரப்பளவைக் கணக்கிடுதல்

ஐயுசிஎன் இரண்டு அளவுகளைக் கேட்கிறது. வெளிப்புறப் புள்ளிகளை உள்வளைவு இல்லாமல் இணைத்த பலகோணத்தின் பரப்பு முதலாவது. இனம் இருக்கும் 2 கி.மீ. பக்கமுள்ள கட்டங்களின் மொத்தப் பரப்பு இரண்டாவது. 40 புள்ளிகள் 31 கட்டங்களில் விழுந்தால் 31 × 4 = 124 ச.கி.மீ. அருகிய இனம் என்ற படிக்கு வரம்பு முதல் அளவில் 5,000 ச.கி.மீ., இரண்டாவதில் 500 ச.கி.மீ. பரப்பு குறைவு என்பது மட்டும் போதாது. வாழிடம் துண்டுபட்டிருப்பது அல்லது மிகச் சில இடங்களிலேயே இருப்பது, எண்ணிக்கையோ பரப்போ தொடர்ந்து சரிவது, கடுமையாக ஏறியிறங்குவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

பரப்பைக் கணக்கிடச் சமபரப்பு வீழ்படத்தையே, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையாக்கும்போது பரப்பை மாற்றாத முறையையே, பயன்படுத்துங்கள். இணைய வரைபடங்களில் வழங்கும் மெர்கேட்டர் வீழ்படம் 60 பாகை அட்சரேகையில் பரப்பை நான்கு மடங்காக்கிக் காட்டும்.

கணினி மாதிரி தேவைப்பட்டால்

கண்ட இடங்களின் தட்பவெப்பத்தை வைத்துத் தேடப்படாத கட்டங்களை ஊகிக்கும் கணக்கைத்தான் இங்கே மாதிரி என்கிறோம். அதற்கு மேக்ஸென்ட் போன்ற மென்பொருள் உதவும். உலகத் தட்பவெப்பத் தரவுத்தளமான வேர்ல்டுகிளிம் தரும் 19 தட்பவெப்ப மாறிகளையும் அள்ளிப் போடாதீர்கள். தம்முள் தொடர்புக் கெழு 0.7-க்கு மேல் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் வையுங்கள். ஒரு மாறிக்குக் குறைந்தது 10 பதிவாவது இருக்கட்டும். மாதிரியைச் சோதிக்க ஒதுக்கும் பதிவுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் பக்கத்துப் புள்ளியே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும், மதிப்பெண் பொய்யாக உயரும். நிலப்பகுதி நிலப்பகுதியாக ஒதுக்கிச் சோதியுங்கள்.

தகுந்த தட்பவெப்பம் இருக்கும் இடத்தைத்தான் மாதிரி காட்டும். அங்கே இனம் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. 1856-இல் இந்தோனேசியாவின் பாலித் தீவிலிருந்து லம்பாக் தீவுக்குக் கடந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ், பறவைகள் சட்டென மாறுவதைக் கவனித்தார். லம்பாக்கில் கொண்டைக்கிளிகள் இருந்தன, பாலியின் குக்குறுவான்கள் இல்லை. இடையே குறுகிய இடத்தில் சுமார் 35 கி.மீ. கடல்தான், தட்பவெப்பமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பனியூழியில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தபோதும் அந்த ஆழமான நீரிணை வற்றவில்லை. ஆகவே மாதிரியின் முடிவைக் கடல், பேராறு, மலைத்தொடர் போன்ற தடைகளை வைத்து வெட்டிச் சீராக்குங்கள். ஊடுருவும் அயல் இனத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். தடையைத் தாண்ட மனிதர்களே உதவுகிறார்கள். 1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விடப்பட்ட கரும்புத் தேரையைப் போன்றவற்றுக்குத் தாயகப் பதிவுகளோடு புகுந்த நாட்டின் பதிவுகளையும் சேர்த்தே மாதிரி அமைக்க வேண்டும்.

வரைபடத்தின் ஓரத்தில் தரவு இறக்கிய தேதி, தரவுத்தொகுப்பை அடையாளம் காட்டும் நிரந்தர டிஓஐ எண், கட்ட அளவு, நீக்கிய பதிவுகளின் எண்ணிக்கை நான்கையும் அச்சிடுங்கள். வேட்டைக்கோ கள்ளச் சந்தைக்கோ இலக்காகும் இனமாக இருந்தால், வெளியிடும் பிரதியில் புள்ளிகளை எடுத்துவிட்டுக் கட்டங்களை மட்டும் காட்டுங்கள். துல்லியமான இடங்கள் காப்புப் பணியில் இருப்பவர்களின் கையோடு நிற்கட்டும்.