ரோமர் 3:23-இல் நிறுத்திவிடாதீர்கள்

ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடம் செய்த முதல் வசனங்களில் ஒன்று ரோமர் 3:23; அப்போஸ்தலன் பவுல் ரோமில் இருந்த விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தில் வருவது. "எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி" என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். பல வருடம் கழித்து அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் கவனித்தேன், அந்த வாக்கியம் முடியவே இல்லை. 'ஆகி' என்பது வினையெச்சம். வினைமுற்று 24ஆம் வசனத்தின் கடைசியில் இருக்கிறது: "இலவசமாய் அவருடைய கிருபையினாலே கிறிஸ்து இயேசுவிலுள்ள மீட்பைக்கொண்டு நீதிமான்களாக்கப்படுகிறார்கள்." கிரேக்கத்திலும் 24, 23-ஐத் தொற்றிக்கொண்டுதான் நிற்கிறது. வசன எண்கள் பவுல் போட்டவை அல்ல; 1551-இல் ரொபேர் எத்தியேன் என்ற அச்சகர் போட்டவை. அந்த எண்ணை நம்பி நடுவில் நிறுத்தினால், கேட்கிறவர் காதில் குற்றச்சாட்டு மட்டும் விழுகிறது. பாவத்தைப் பற்றிப் பேசும்போது நாம் செய்கிற பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன்.

ரோமர் முதல் அதிகாரத்தின் பிற்பகுதியை அடுத்தவர் மேல் ஏவுவது இன்னொரு தவறு. விக்கிரக வழிபாடு, இச்சை, பொறாமை, வஞ்சகம் என்று பட்டியல் நீள நீள, யாரையோ சொல்கிறார் என்று நமக்குத் தலையாட்டத் தோன்றும். அங்கேதான் பவுல் சட்டென்று திரும்புகிறார். 2:1-இல், மற்றவர்களைத் தீர்ப்புச் செய்கிறவனே, "போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை" என்கிறார். முதல் அதிகாரத்தோடு பிரசங்கத்தை முடித்துக்கொண்டால் இந்தத் திருப்பம் கேட்கிறவருக்குக் கிடைக்காமலே போகும்.

அப்புறம், 'பாவம்' என்ற சொல். தமிழில் இதைக் கேட்டதும் பாவ புண்ணியக் கணக்குதான் மனதில் வருகிறது. இத்தனை தப்பு, இத்தனை நல்லது, மீதி எவ்வளவு என்று. ரோமரில், முக்கியமாக 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்களில், பவுல் பாவத்தைப் பெரும்பாலும் ஒருமையில், ஓர் எஜமானைப்போலக் காட்டுகிறார். அது ஆளுகிறது, அடிமைப்படுத்துகிறது, கடைசியில் சம்பளமும் கொடுக்கிறது; 6:23-இன்படி அந்தச் சம்பளம் மரணம். அடிமைக்குத் தேவை விடுதலை. கணக்கை நேர் செய்வதால் அது கிடைக்காது.

'மாம்சம்' என்றால் உடம்பு என்று எடுத்துக்கொள்வதும் அதிகம். கலாத்தியர் 5:19 முதல் 21 வரை மாம்சத்தின் கிரியைகளை நிதானமாக வாசித்துப் பாருங்கள். விபசாரமும் வெறியும் இருக்கின்றன, சரி. ஆனால் பகை, கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை எல்லாமும் அதே வரிசையில் நிற்கின்றன. பட்டினி கிடந்தால் பொறாமை அடங்கிவிடுமா?

ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'ஜென்ம பாவம்' என்று நாம் சொல்கிற போதனையை, அதாவது ஆதாமின் பாவத்தோடேயே எல்லாரும் பிறக்கிறார்கள் என்பதை, இன்று கேட்கும் வடிவத்திலேயே, பவுல் வாயில் வைத்துவிடுகிறோம். 5:12-ஐ அன்றைய லத்தீன் மொழிபெயர்ப்பில் வாசித்தவர் ஹிப்போவின் ஆயர் அகஸ்டின் (354–430). அதில் 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று பொருள்படும்படி இருந்ததை அவர் ஆதாமோடு சேர்த்து எடுத்துக்கொண்டார். மனிதன் தன் சித்தத்தாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்று போதித்த பெலேஜியஸோடு நடந்த வாக்குவாதத்தில் அந்தப் போதனை கூர்மையடைந்தது. 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலேஜிய போதனையைக் கண்டித்தது. கிரேக்க வாக்கியத்தில் அந்த 'அவனுக்குள்' வருகிற இடத்தைப் பெரும்பாலான அறிஞர் 'ஏனெனில்' என்றே புரிந்துகொள்கிறார்கள். நம் பழைய தமிழ் வேதாகமமும் "பாவஞ்செய்தபடியால்" என்றே சொல்கிறது. கிரேக்க மொழி பேசிய கிழக்குச் சபைகள் ஆதாமிடமிருந்து வந்தது மரணம் என்பதையே அழுத்திச் சொல்லின. அகஸ்டின் சொன்னது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பவுல் எழுதியது எது, பிறகு சபை யோசித்து வந்து சேர்ந்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சுவிசேஷத்தை அறிவுரையாக மாற்றிவிடாமலும் இருக்க வேண்டும். 1 கொரிந்தியர் 15-இல் பவுல் அதைச் சொல்லும்போது, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார் என்று நடந்ததைத்தான் சொல்கிறார். அது செய்தி.

ரோமர் நிருபம் ஏறக்குறைய கி.பி. 57-இல் கொரிந்துவில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. ரோமில் வீடுகளில் கூடியவர்கள் அதைக் காதால்தான் கேட்டிருப்பார்கள். முழுவதையும் சத்தமாக வாசித்தால் ஒரு மணி நேரம்போல ஆகும். ஒருமுறை அப்படி வாசித்துப் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் இப்போது 23-ஐயும் 24-ஐயும் சேர்த்தே ஒப்பிக்கச் சொல்கிறேன். போன வாரம் ஒரு சின்னப் பெண் 'மீட்பைக்கொண்டு' வரை வந்து, மூச்சு வாங்கி, விரலை மடக்கிக்கொண்டே "நீதிமான்களாக்கப்படுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.