மென்பொருளுக்கு முன் சங்கத்தை வரையுங்கள்

யாழ்ப்பாணத்துப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்று தன் கிராமிய வங்கியின் நகை அடைவை, அதாவது நகையை ஈடாக வாங்கிக் கடன் கொடுப்பதை, கணினிமயப்படுத்தப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் திரைகளை வரையத் தொடங்கினால், பேரேட்டிலுள்ள குளறுபடி அப்படியே கணினிக்குள் போய்விடும்.

முதலில் இலக்கை எழுதுங்கள். “சேவையை மேம்படுத்தல்” என்பதை அளக்க முடியாது. “நகையோடு வந்தவர் அரை மணித்தியாலத்துக்குள் காசோடு திரும்ப வேண்டும்” என்பதை அளக்கலாம்.

அடுத்து, சுவரில் பெரிய தாளை ஒட்டிக் காசாளர், நகை மதிப்பீட்டாளர், முகாமையாளர் மூவரையும் ஒன்றாக இருத்தி, இன்று நடப்பதை வரையுங்கள். முகாமையாளரை மட்டும் கேட்டால் விதியில் உள்ளதுதான் கிடைக்கும். வேலை நடக்கும் முறையைப் படமாக வரைவதற்கென 2011இல் வெளியான பிபிஎம்என் (BPMN) 2.0 குறியீடு இதற்குப் போதும்: ஆளுக்கொரு பட்டை, வேலைக்கொரு பெட்டி, முடிவெடுக்கும் இடத்தில் சாய்சதுரம். ஒவ்வொரு பெட்டியிலும் வேலை செய்யும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியே குறியுங்கள். உரைத்து நிறுப்பது விரைவில் முடிந்துவிடும். படிவம் கையொப்பத்துக்காக மேசையில் கிடப்பதில்தான் பெரும்பாலும் நேரம் போகும். அதைக் குறைக்க, குறித்த தொகைவரை முகாமையாளரின் முன் அனுமதி வேண்டாம் என்று வைக்கலாம். ஆனால் மதிப்பிடுபவரே காசும் கொடுக்கும்படி மாற்றிவிடாதீர்கள். மோசடிக்கு வழி திறப்பது அங்கேதான்.

அடுத்தது பொருள்களின் வரைபடம்: சீட்டு, நகை போன்றவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்று காட்டுவது. இதற்கு அதிக நேரம் கொடுங்கள். ஒருவர் தாலிக்கொடி, சோடிக் காப்பு, மோதிரம் மூன்றையும் ஒரே அடைவுச் சீட்டில் வைக்கிறார். கலியாண வீட்டுக்குக் காப்பை மட்டும் மீட்க வருகிறார். தரவுத்தளத்தில் சீட்டுக்கு ஒரே நிறை என்றிருந்தால் முழுச் சீட்டையும் மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். வட்டி தொடங்கும் திகதியும் மாறிவிடும். ஆகவே ஒரு சீட்டின் கீழ் பல நகைகள். ஒவ்வொன்றுக்கும் நிறை, கரட், மதிப்பு தனியாக. சீட்டைத் தொலைத்தவர், அடைவு வைத்தவர் இறந்தபின் வரும் உரித்தாளர், தவணை கடந்து ஏலத்துக்குப் போகும் நகை ஆகியவற்றையும் இப்போதே கேளுங்கள்.

வட்டி வீதம், பவுணுக்குக் கொடுக்கும் தொகை போன்றவை அடிக்கடி மாறுபவை. அவற்றைச் செயல்முறைப் படத்தில் எழுதாமல் தனி விதி அட்டவணையில், அமுலுக்கு வரும் திகதியோடு வையுங்கள். நிரலுக்குள் எழுதினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலாளரைத் தேட வேண்டிவரும்.

பிறகு ஒவ்வொரு மென்பொருள் தேவைக்கும் எதிரே அது எந்தப் பெட்டிக்கு உரியது என்று இலக்கமிடுங்கள். பெட்டியில்லாத தேவையை யார், ஏன் கேட்டார்கள் என்று விசாரியுங்கள்.

நிரல் எழுதுமுன் மூடிய பழைய சீட்டுகள் பத்தை எடுத்துப் படத்தின் மேல் விரலால் நகர்த்திப் பாருங்கள். ஒன்று இடையில் நின்றாலும் திருத்த வேண்டியது படத்தை.