அமெரிக்கக் கல்லூரி உதவிக் கடிதங்கள்: அடுத்தடுத்துப் பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு

பிள்ளைக்கு இடம் கிடைத்ததும் கல்லூரி அனுப்பும் நிதி உதவிக் கடிதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை நம்பி முடிவெடுக்காதீர்கள். திருப்பிக் கட்ட வேண்டிய கடனும் அதற்குள் சேர்ந்திருக்கலாம்.

ஓர் உதாரணம். முதல் கல்லூரிக்கு ஆண்டுச் செலவு 82,000 டாலர். கிராண்ட் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி) 45,000, மாணவர் கடன் 5,500, ஒர்க் ஸ்டடி 2,500. ஆக உதவி 53,000, நீங்கள் கட்ட வேண்டியது 29,000 என்கிறது கடிதம். இன்னொரு கல்லூரிக்குச் செலவு 58,000, ஸ்காலர்ஷிப் 26,000, மீதி 32,000. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். கடனையும் ஒர்க் ஸ்டடியையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் முதல் கல்லூரிக்கு 37,000 ஆகிறது. ஒர்க் ஸ்டடி, பிள்ளை வேலை பார்த்தால் வரும் சம்பளம். செமஸ்டர் பில்லில் முன்கூட்டியே கழியாது. 'அன்சப்' என்று மட்டும் போட்டிருந்தால் அதுவும் கடன்தான். 'பேரன்ட் பிளஸ்' என்றால் கடன் உங்கள் பெயரில். 2026 ஜூலை 1 முதல் அதைப் புதிதாக வாங்குவோருக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000தான் வரம்பு. ஆண்டுதோறும் 20,000 எடுத்தால் நான்காம் ஆண்டுக்கு 5,000தான் மிஞ்சும்.

பல பிள்ளைகள் உள்ள வீடுகள் அதிகம் ஏமாறுவது அடுத்த கணக்கில். முன்பெல்லாம் இரண்டு பேர் ஒரே சமயத்தில் படித்தால் ஃபாஃப்சா (மத்திய அரசு உதவிக்கான விண்ணப்பம்) பெற்றோரின் பங்கை இரண்டாக வகுக்கும். 2024-25 முதல் அது இல்லை. ஆனால் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (கல்லூரிகளின் சொந்த உதவிக்கான தனி விண்ணப்பம்) கேட்கும் தனியார் கல்லூரிகள் பலவும் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்கும்போது இன்னமும் உடன்பிறந்தவர்களைக் கணக்கில் எடுக்கின்றன. கணக்கிடும் முறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆகவே உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: "இரண்டாவது பிள்ளை 2028இல் கல்லூரியில் சேர்ந்தால் மூத்தவரின் கிராண்ட் மாறுமா? எந்த முறையில்?" தொகையை உறுதிசெய்ய மாட்டார்கள், முறையைச் சொல்வார்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

பிறகு ஒரு தாளில் மேலே ஆண்டுகளை எழுதுங்கள். மூத்தவர் 2026 முதல் 2030 வரை, இளையவர் 2028 முதல் 2032 வரை என்றால், இருவரும் சேர்ந்து படிப்பது இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் கிராண்ட் கூடினாலும், மூத்தவர் பட்டம் வாங்கியதும் இளையவரின் கிராண்ட் இறங்கும். முதல் ஆண்டுக் கடிதத்தில் இது எதுவும் தெரியாது. தாளில் ஒவ்வோர் ஆண்டின் கீழும் செலவை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றிப் போடுங்கள். மெரிட் ஸ்காலர்ஷிப் (மதிப்பெண், திறமைக்காகத் தருவது) பெரும்பாலும் ஏறாது. மேலே சொன்ன இரண்டாவது கல்லூரியின் 58,000 நான்காம் ஆண்டில் சுமார் 65,200 ஆகும், அந்த 7,200ம் உங்கள் தலையில்தான். ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

நம் குடும்பங்களில் ஒரே வீட்டில் மூத்த பிள்ளை எச்-4 விசாவிலும் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இளைய பிள்ளை இங்கே பிறந்தும் இருப்பதுண்டு. எச்-4இல் இருப்பவருக்கு மத்திய அரசு உதவி கிடையாது. பெரும்பாலும் கல்லூரியின் சொந்தப் பணத்தைத்தான் கேட்க வேண்டும். இங்கே பிறந்தவர், பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் ஃபாஃப்சா நிரப்பலாம். இருவரின் கணக்கையும் தனித்தனியாகப் போடுங்கள்.

வேலை போனதோ பெரிய மருத்துவச் செலவோ இருந்தால், ஆதாரங்களோடு மறுபரிசீலனை கேளுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இடத்தை உறுதிசெய்யக் கடைசி நாள் மே 1. ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பினால்தான் பதிலைப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்கும்.