ட்ரைபாடில் கேமராவை மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போனால் எனக்குக் கண் கூழைக்கடா மேல் நிற்பதில்லை. தோளில் ட்ரைபாட், அதன் உச்சியில் கேமரா பாடியும் நீள லென்ஸும் முதுகுக்குப் பின்னால் ஆடியபடி நடந்து போகிறவர்கள்மேல்தான் போகிறது. ஆரம்பத்தில் எங்கள் செட்டில் எல்லாரும் இப்படி நடந்தவர்கள்தான். அதனால்தான் பார்க்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

கால்களைப் பூட்டாமல் நிறுத்துவது, மேடு பள்ளத்தில் கோணலாக வைப்பது எல்லாம் முதல் நாளிலேயே தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளேட்டோடு வரும் குட்டி ஸ்க்ரூக்களை மாட்டாமல் விடுவது

கேமராவின் அல்லது லென்ஸின் அடியில் மாட்டி, ட்ரைபாடின் தலையில் உள்ள கிளாம்ப் என்ற பிடியில் செருகும் பட்டைதான் பிளேட். அதில் ஆர்க்கா-ஸ்விஸ் என்ற வகையை வாங்கினால் பெரும்பாலும் கூடவே ஒரு சின்ன பாக்கெட்டில் குட்டி ஸ்க்ரூக்களும் ஆலன் கீயும் வரும். பிளேட்டின் இரண்டு முனைகளிலும் அடிப்பக்கத்தில் மாட்ட வேண்டிய தடுப்பு ஸ்க்ரூக்கள் அவை. கிளாம்ப் தளர்ந்தாலும் பிளேட் வழுக்கி வெளியே போகாமல் அவை முட்டி நிறுத்தும். இதைப் பலர் தொடுவதே இல்லை. மாட்டியவர்களிலும் சிலர், பக்கவாட்டில் சட்டென்று செருக முடியவில்லை என்று கழற்றிவிடுகிறார்கள்.

ட்ரைபாட் தரையில் நிற்கும்போது இதனால் பெரிய ஆபத்து இல்லை. பிளேட் படுத்திருக்கிறது, எடை நேராகக் கீழே இறங்குகிறது. அதையே தோளில் சாய்த்தால் எல்லாம் மாறிவிடும். முன்கனம் உள்ள லென்ஸ் தரையைப் பார்த்துத் திரும்பும். லென்ஸின் நீளவாக்கில் ஓடும் பிளேட் இப்போது செங்குத்தாக நிற்கும். கிணற்றுக்குள் விட்ட வாளி மாதிரி மொத்த எடையும் அந்தத் தடத்தின் வழியே கீழே இழுக்கும். பிடித்திருப்பது கிளாம்பின் இரண்டு தாடைகளின் உராய்வு மட்டும்தான்.

150-600 லென்ஸ் வைத்திருந்த ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த வகை லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய 2 கிலோ. பாடியும் சேர்ந்தால் 3 கிலோவை நெருங்கும். விடியுமுன் கரையேறினான். கிளை இடிக்காமல் இருக்க லென்ஸைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம் என்று பால் ஹெட்டின் (கேமராவை எந்தப் பக்கமும் திருப்ப உதவும் ட்ரைபாட் தலை) குமிழைத் தேடியிருக்கிறான். இருட்டில் கைக்குக் கிடைத்தது அதற்கு மேலே இருக்கும் கிளாம்பின் குமிழ். அரைச் சுற்று தளர்த்திவிட்டு, லென்ஸ் திரும்பவில்லையே என்று சரியான குமிழுக்குப் போய்விட்டான். முதலில் தொட்டதை மறுபடி இறுக்கவில்லை. அதற்கப்புறமும் கொஞ்ச தூரம் அது விழாமல் வந்ததுதான் கொடுமை. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, கடைசியில் முழுதாகக் கழன்றது.

தோள் உயரத்திலிருந்து, அதாவது சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து விழுகிற பொருள் வினாடிக்கு 5 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடும். லென்ஸின் முன்பக்கம் கல்லில் பட்டது. பின்னால் இருந்த பாடியின் எடை நெம்பியதில் மவுண்ட் (லென்ஸும் பாடியும் சேரும் இடம்) வளையத்தைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் பிய்த்துக்கொண்டு வந்தன. "நல்லா டைட் பண்ணிட்டுத்தாண்ணா கெளம்பினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உண்மைதான், கிளம்பும்போது டைட்டாகத்தான் இருந்தது. கீழே விழுந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது. சர்வீஸில் கேட்ட தொகைக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு பாடியே வாங்கியிருக்கலாம்.

பிளேட் வாங்கும்போதே கையில் தந்த ஸ்க்ரூ. மாட்ட இரண்டு நிமிடம் ஆகாது. இன்றைக்கும் ஒருவர் கேமராவைக் கையில் கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது பிளேட்டின் அடிப்பக்கத்தைத்தான். அங்கே வெறும் ஓட்டை தெரிந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மாட்டுங்கள். உங்கள் கிளாம்பில் ஸ்க்ரூவுக்கு இடம் இல்லாமல் பிளேட் சரியாக உட்காராவிட்டால், மாற்ற வேண்டியது கிளாம்பை. இறுக்கிய பிறகு லென்ஸை முன்னும் பின்னும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், பிறகு மேலே தூக்கிப் பாருங்கள். லீவர் கிளாம்ப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வேறு கம்பெனி பிளேட் மயிரிழை குறுகலாக இருந்தாலும் லீவர் முழுதாக மூடிக்கொள்ளும், பிடிப்பு மட்டும் இருக்காது. கிளாம்ப் குமிழில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் இருட்டிலும் விரலுக்கு வித்தியாசம் தெரியும்.

நீண்ட தூரம் மாட்டியபடியே நடப்பது

இந்த மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு என்றால் சரி. அப்போதும் கால்களை மடக்கி, ட்ரைபாடை உடம்புக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து, ஒரு கையை லென்ஸ் காலரில் (லென்ஸைச் சுற்றியிருக்கும் பிடி வளையம்) வையுங்கள். ஸ்ட்ராப் கழுத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் தூரம் என்றால் கேமராவைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வெறும் ட்ரைபாடைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். பறவை பறந்துவிடும் என்பார்கள். பறக்கட்டும், வேடந்தாங்கலில் பறவைக்கா பஞ்சம்?

ஹெட் இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் இருப்பது

கிளாம்பைச் சரிபார்க்கிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். ஹெட்டும் ட்ரைபாடும் சேருவது பெரும்பாலும் ஒரே ஒரு 3/8 அங்குல ஸ்க்ரூவில். பேன் பூட்டு (ஹெட் பக்கவாட்டில் சுழலாமல் நிறுத்துவது) போட்ட நிலையில் லென்ஸை இடப்பக்கம் வலிந்து திருப்பினால் ஹெட்டே ட்ரைபாடிலிருந்து கழல ஆரம்பிக்கும். தோளில் ஆடி வரும்போதும் அந்தத் திசையில் இழுப்பு விழலாம். பல ட்ரைபாட்களில் மேல்தட்டின் அடியில் குட்டி பூட்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். ஹெட்டை இறுக்கிய பிறகு அவற்றையும் ஆலன் கீயால் முடுக்க வேண்டும். லென்ஸ் ஃபுட்டை (காலரின் அடியில் பிளேட் மாட்டும் கால்) பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும் அதே கையோடு பாருங்கள்.

கனமான லென்ஸுக்கு பாடியில் பிளேட் மாட்டுவது

காலர் உள்ள லென்ஸைக் காலரில்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குலுக்கலும் மவுண்டை நெம்பும்.

கிம்பலைப் பூட்டாமல் தூக்குவது

கிம்பல் என்பது கனமான லென்ஸைச் சமன்செய்து எளிதாகத் திருப்ப விடும் ஹெட். தூக்குமுன் அதன் இரண்டு குமிழையும் இறுக்குங்கள்.

நடுக்கம்பம் உயர்ந்திருக்க நடப்பது

ட்ரைபாடின் நடுவில் ஏற்றி இறக்கும் அந்தக் கம்பத்தை இறக்கிவிட்டு நடங்கள்.

விழுந்த உடனே "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு செய்வது

வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே ஒரு கண்ணாடி சற்று விலகியிருந்தாலோ மவுண்ட் மயிரிழை சாய்ந்திருந்தாலோ படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். பறவையை நடுவில் வைத்தே எடுப்பவர்களுக்கு இது பல நாள் தெரியாது.

விழுந்த இடத்தில் லென்ஸைப் பலமாகத் திருகிக் கழற்றப் பார்க்காதீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தில் மவுண்ட் நேராக இருக்கிறதா, ஸ்க்ரூ எதுவும் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தால், பூசாத செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே ட்ரைபாடை நிறுத்தி, அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முழுதாகத் திறந்து எடுங்கள். இடது ஓரத்துச் செங்கலும் வலது ஓரத்துச் செங்கலும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படங்களையும் எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போங்கள். எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று அவர்களிடம் காட்ட அது உதவும்.