நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதானுங்க: கொங்கு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கென்று ஒரு மணம் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் மூட்டை போகிறது என்பதால், அதைக் குறைசொல்ல இந்தப் பக்கம் யாருக்கும் மனம் வராது. ஆனால் குடலுக்குள் போன பிறகு அதுவும் வெள்ளைச் சர்க்கரையும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ். இரண்டுமே கிராமுக்கு 4 கலோரிக்குப் பக்கத்தில் வரும். நாட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் உண்டு. ஒரு நாளைக்குப் போடும் இரண்டு மூன்று ஸ்பூனில் அது கணக்கில் சேராது. கெடுதல் வருவது அது கொடுக்கும் தைரியத்தால். வெள்ளைச் சர்க்கரை என்றால் ஒரு ஸ்பூனோடு நிற்கும் கை, நாட்டுச் சர்க்கரை என்றதும் மூன்றாவது ஸ்பூனுக்குப் போகிறது.

சர்க்கரை நோய், பிரஷர், ஈரலில் கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு என்று வரிசையாக வருபவற்றுக்குப் பின்னால் இந்த மாதிரித் தவறுகள் நிறைய உண்டு. 'நல்லது' என்று பேர் வாங்கிய பொருளுக்கு யாரும் அளவு பார்ப்பதில்லை. ராகி, செக்கு எண்ணெய், இந்துப்பு, இளநீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மளிகைச் சீட்டைப் பார்க்காமல் விடுவது

தட்டில் விழுவதை கிராம் கணக்கில் அளக்க யாராலும் முடியாது. மாதாமாதம் வாங்கும் மளிகையை அளக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியை வைத்துப் பார்த்தால், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், எண்ணெய் 27 கிராம் அளவில் இருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இதை மாதக் கணக்காக்குங்கள்.

உப்பு 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்ந்து மூன்றரை லிட்டர். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் சேர்ந்து 3 கிலோ. இதில் கடையில் சாப்பிடுவதும் அடக்கம். மிக்சர், முறுக்கு, அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் வாங்குகிற வீட்டில் உப்புப் பாக்கெட் 50 நாளுக்கும் மேலேயே வந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் ஓடுகிறதா? அப்படியென்றால் அது எந்தச் செக்கில் ஆட்டியது என்ற விசாரணைக்கே வேலையில்லை.

சர்க்கரையில் நம் ஊர்க்காரர்கள் மறப்பது பேக்கரியை. கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் டீ குடிப்பது என்றாலே பேக்கரிக்குப் போவதுதான். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 8 முதல் 10 கிராம். காலை, பதினோரு மணி, நாலு மணி, பொழுதோட ஒன்று என்று நாலு டீ ஆனால் 25 கிராமை எப்போதோ தாண்டியாயிற்று. கூட வரும் தேங்காய் பன்னும் வர்க்கியும் தனிக் கணக்கு. 'சர்க்கரை கம்மி' என்று சொன்னால் எவ்வளவு கம்மி என்பதை மாஸ்டர் முடிவு செய்வார். 'அரை ஸ்பூன்' என்று சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் சப்பென்று இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் விட்டுவிடுங்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதை டீ தடுக்கும். இரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேர இடைவெளி விடுவது நல்லது.

அரிசியும் பருப்பும்: பருப்பு எங்கே?

இரண்டையும் ஒன்றாக வேகவைக்கும் அரிசியும் பருப்பும், நம் வீடுகளில் அவசரத்துக்கும் ஒரம்பரைக்கும் (விருந்தாளிகளுக்கும்) கைகொடுக்கும் சாப்பாடு. ஆக்கும் விதத்தில்தான் கோணல். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்பு போட்டு, மேலே நெய் விட்டு, தொட்டுக்க அப்பளமும் ஊறுகாயும் வைத்தால், சாப்பிட்டது அரிசியும் உப்பும் எண்ணெயும்தான். பருப்பு பெயருக்கு இருக்கிறது.

மாற்றம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு போடுங்கள், முக்கால் டம்ளர் போட்டாலும் கெட்டுப்போகாது. தண்ணீரை அதற்குத் தக்கபடி கூட்டினால் போதும். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை ஒரு பிடி அதிகமாக வதக்கிச் சேருங்கள். அப்பளத்துக்குப் பதில் கீரை கடைசலோ அவரைக்காய்ப் பொரியலோ வையுங்கள். நெய் ஆளுக்கு ஒரு டீஸ்பூன். அரிசி குறைந்து பருப்பும் காயும் கூடும்போது வயிறு சீக்கிரம் நிறையும், மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை அளவு அவ்வளவு எகிறாது.

காய்கறியின் அளவைக் கேட்டால் நிறையப் பேர் மலைத்துப்போவார்கள். அதே வழிகாட்டி, கீரையோடு சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் என்கிறது. நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். கால் கிலோ பீன்ஸைப் பொரித்து நான்கு தட்டுக்கும் ஒரு கரண்டி வைப்பது காய் சாப்பிட்டதாக ஆகாது. உழவர் சந்தைக்கு வாரம் இரண்டு முறை போகிறவர்கள் பையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதுதான். உருளை, சேனை, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மூன்றும் இந்தக் கணக்கில் வராது, அவற்றைச் சோற்றோடு சேர்த்து எண்ணுங்கள். ஜவ்வரிசியும் அப்படியே, அது குச்சிக்கிழங்கு மாவுதான்.

சாப்பிடும் வரிசையிலும் பலன் உண்டு. முதலில் பொரியலும் கூட்டும், அடுத்து பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு. அதே அளவு சோறுதான் என்றாலும் சர்க்கரை ஏற்றம் குறைகிறது. காசு செலவில்லாத வழி.

புரதத்துக்கு நாமக்கல் முட்டையும் கொள்ளும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கொள்ளில் 22 கிராமுக்குப் பக்கம். கொள்ளை வேகவைத்து, வடித்த தண்ணீரில் ரசம் வைத்துக் குடித்துவிட்டு 'கொள்ளு சாப்பிட்டேன், உடம்பு இளைக்கும்' என்பது தவறு. புரதமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் சக்கையில் நின்றுவிட்டன. கொள்ளுப் பருப்பாகக் கடைந்து சாப்பிடுங்கள். ரசம் ருசிக்கு.

ராகிக்களிக்கு அளவு இல்லையா?

100 கிராம் ராகி மாவில் மாவுச்சத்து 70 கிராம் அளவில் இருக்கிறது. அரிசியில் 78. இடைவெளி அவ்வளவுதான். ராகியின் பலம் நார்ச்சத்தில் இருக்கிறது: அரிசியில் 3 கிராம்கூட இல்லை, ராகியில் 11 கிராம். கம்பும் அதே அளவில் வரும். ஆகவே சோற்றுக்குப் பதிலாகக் களி சாப்பிடுவது நல்லதுதான். சோறு சாப்பிட்டுவிட்டு, 'உடம்புக்கு நல்லது' என்று மேலுக்கு ஒரு உருண்டை களி போடுவதில் என்ன லாபம்? நைஸாக அரைத்துத் தண்ணியாகக் காய்ச்சும் ராகிக் கஞ்சி, கெட்டிக் களியைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். அதிலும் நாட்டுச் சர்க்கரை போட்டால் சொல்லவே வேண்டாம். கம்மங்கூழை மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக் குடிப்பது மேல். சாமை, தினை வாங்கும்போது வெள்ளைவெளேரென்று இருந்தால் தவிடு போய்விட்டது என்று அர்த்தம். கொஞ்சம் மங்கலான நிறத்தில் இருப்பதை எடுங்கள்.

எண்ணெயும் உப்பும்

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. மணம் வேண்டும் என்று தாளிப்பதில் குற்றமில்லை. ஆனால் அதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. கடலை எண்ணெயில் பத்தில் இரண்டு பங்குதான். நிறைகொழுப்பு கூடினால் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும். மரச்செக்கில் ஆட்டினால் மணம் தங்கும், கொழுப்பின் வகை மாறாது, கலோரியும் குறையாது. ஒரு டேபிள் ஸ்பூனுக்கு 120 கலோரி என்பது எல்லா எண்ணெய்க்கும் பொது. அன்றாடச் சமையலுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி, தேங்காய் எண்ணெய் மணத்துக்கு மட்டும். சொம்பிலிருந்து சரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள், அதிலேயே வித்தியாசம் தெரியும்.

இந்துப்பும் உப்புதான். ஏறத்தாழ முழுக்க சோடியம் குளோரைடு, பல பாக்கெட்டுகளில் அயோடின் கிடையாது. பிரஷருக்கு அது மருந்து என்பது வெறும் பேச்சு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது வேறு வகை. அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அது இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி, இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பொள்ளாச்சி இளநீருக்கும் இதே எச்சரிக்கை: நலமாக உள்ளவருக்கு நல்ல பானம், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறிய ஒருவருக்கு டாக்டரைக் கேட்காமல் கூடாது.

ஷிப்ட் வேலை

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பிடு என்பது வெறும் உபதேசம். செய்யக்கூடியது இது: வேலைக்குப் போகும்முன் முழுச் சாப்பாடு, நடுராத்திரிக்குப் புரோட்டாவுக்குப் பதில் வறுத்த கடலைக்காய் ஒரு கைப்பிடி, வேகவைத்த முட்டை அல்லது சுண்டல், பகலில் ஜன்னலை மறைத்து 7 மணி நேரத் தூக்கம். தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சொட்டுநீர் வந்து, மோட்டாரைச் செல்போனில் போட்டு, வரப்புவரை பைக்கில் போகிற காலத்தில் 'தோட்ட வேலையே போதும்' என்று சொல்ல முடியாது. வாரம் 150 நிமிட வேக நடை தனியாக வேண்டும். அதில் பத்துப் பதினைந்து நிமிடத்தைச் சாப்பிட்டவுடன் நடப்பதாக வைத்துக்கொண்டால் சர்க்கரைக்குக் கூடுதல் பலன்.

பரிசோதனையில் செய்யும் தவறுகள்

மாடிப்படி ஏறிப் போய் உட்கார்ந்த உடனே பிரஷர் பார்த்தால் அது படியின் பிரஷர். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி 5 நிமிடம் சும்மா இருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 140/90-க்கு மேல் வேறு வேறு நாட்களில் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். தலை சுற்றவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், பிரஷர் பெரும்பாலும் சத்தமே போடாது.

சர்க்கரை பார்க்கும் முன் இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து 'நார்மல்' வாங்குவது இன்னொரு பழக்கம். ஏமாறுவது டாக்டர் இல்லை. வெறும் வயிற்றுக்கு 8 மணி நேரம் வேண்டும். 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோயை உறுதிசெய்ய மறுபடி பார்ப்பார்கள், 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. சாப்பிட்ட பின் பார்ப்பதற்கு 2 மணி நேரத்தை முதல் வாய் சோற்றிலிருந்து எண்ணுங்கள், கை கழுவியதிலிருந்து அல்ல. மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்.பி.ஏ.1.சி. இரத்தசோகை இருந்தால் தவறாகக் காட்டக்கூடும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கண் விழித்திரை மூன்றையும் பார்க்காமல் விடுவதுதான் பின்னால் பெரிய செலவாக வந்து நிற்கிறது.

இடுப்பை அளக்க பேன்ட் சைஸை நம்பாதீர்கள், பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வைக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை.

மாத்திரை விஷயம்

'நார்மல் வந்தாச்சு, இனி எதுக்கு மாத்திரை' என்று நிறுத்துவது பொதுவான தவறு. நார்மல் வந்ததே மாத்திரையால்தான் இருக்கும். குறைப்பதா என்று டாக்டர் சொல்லட்டும். வாங்கப் போக நேரமில்லை என்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கால் வலிக்கு மருந்துக் கடையில் 'செட்' மாத்திரை வாங்கிப் போடுவது அதைவிட மோசம். டைக்ளோபினாக், ஐபுபுரோபேன் வகை மாத்திரைகள் நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். ஈரோட்டு மஞ்சளைச் சமையலில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதில் மருந்துக் குணம் உள்ளதாகச் சொல்லும் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், மஞ்சள் பால் மாத்திரைக்கு ஈடாகாது. மிளகுச் சத்தோடு அடைத்து விற்கும் மஞ்சள் கேப்சூல்களால் அரிதாக ஈரல் பாதித்ததும் உண்டு.

பழனிக்கு நடக்கும்போது

தைப்பூசத்துக்கும், பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தத்தோடும் நடக்கிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் நிறைய. நரம்பு மரத்த காலுக்குச் சூடும் முள்ளும் தெரியாது. பண்ணாரியில் குண்டம் இறங்க (தீ மிதிக்க) நினைக்கிற சர்க்கரைக்காரருக்கு இது இரட்டை ஆபத்து. வெறுங்காலோடுதான் நடப்பது என்று நேர்ந்திருந்தால், கிளம்பும் முன் டாக்டரிடம் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாமி செருப்புக்குக் கோபிக்க மாட்டார். தார் ரோடு காயும் உச்சி வெயிலில் நடக்காதீர்கள். ராத்திரி தங்கும் இடத்தில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள், அங்கே எண்ணெய் தடவாதீர்கள்.

நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை தாழவும் செய்யும், குறிப்பாக இன்சுலினோ கிளைமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு. வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அங்கேயே உட்கார்ந்து மூன்று ஸ்பூன் சர்க்கரையை, ஏறத்தாழ 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரையானாலும் சரி. பஞ்சாமிர்தத்தை நம்ப வேண்டாம், அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மட்டும் இது உதவாது. சர்க்கரை குடலில் குளுக்கோஸாக உடைபடுவதையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர் பையில் குளுக்கோஸ் பொடிதான் இருக்க வேண்டும்.