ஸ்கோப்புக்கு ஒரு கரன்ட் சேனல்: பம்ப் மோட்டார் பட்டறைக்கான செய்முறை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பம்ப் பட்டறைகளிலும் வைண்டிங் கடைகளிலும் இரண்டு சேனல் டிஜிட்டல் ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்) இருந்தால், அது பெரும்பாலும் கண்ட்ரோல் போர்டு பார்க்க மட்டும்தான் வெளியே வரும். அதற்கு ஆம்பியரைக் காட்டும் வழி ஒன்றைச் செய்து கொடுத்தால் மோட்டாரையும் பார்க்கலாம். புறப்படும்போது எவ்வளவு இழுக்கிறது, எத்தனை நொடியில் அடங்குகிறது, பவர் ஃபேக்டர் (வாட்டுக்கும் வோல்ட்-ஆம்பியர் பெருக்கலுக்கும் உள்ள விகிதம்) என்ன, டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் பெட்டி) எவ்வளவு ஹார்மானிக் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் கலந்து வரும் அலை) தள்ளுகிறது என எல்லாமே அந்த ஒரு சேனலில் இருந்துதான் கிளைக்கின்றன.

தேவையானது எஸ்.சி.டி. 013-000 என்ற, பிளந்து மாட்டும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் (சி.டி.). 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும். அதாவது 2000-க்கு 1. அதன் குறுக்கே 20 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் போட்டால் ஆம்பியருக்குச் சரியாக 10 மில்லி வோல்ட் வரும். 20 ஓம் கிடைக்காவிட்டால் இரண்டு 10 ஓம்களைத் தொடராகப் போடுங்கள். கால் வாட் தாராளம். சி.டி.யின் 3.5 மி.மீ. பிளக்கை வெட்டிவிட்டு ரெசிஸ்டரை வயரிலேயே சால்டர் செய்துவிடுவது நல்லது. செகண்டரி திறந்து கிடந்தால் அங்கே வோல்டேஜ் ஏறும். கழற்ற முடியாத ரெசிஸ்டர் இருந்தால் அந்தக் கவலையே இல்லை. அங்கிருந்து ஒரு பி.என்.சி. (ஸ்கோப்பில் திருகி மாட்டும் வட்ட முனை) கேபிளில் ஸ்கோப்புக்கு. இதே பெயரில் 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் வகையும் விற்கிறது. அதற்குள்ளேயே ரெசிஸ்டர் இருப்பதால் கணக்கு ஒத்துவராது. வாங்கும்போது எண்ணைப் பாருங்கள்.

சேனல் மெனுவில் யூனிட்டை ஆம்பியர் என்றும், விகிதத்தை வோல்ட்டுக்கு 100 ஆம்பியர் என்றும் வையுங்கள். சி.டி.க்குள் ஒரு வயர்தான் போக வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் ஒன்றை ஒன்று அழித்துச் சுழி காட்டும். கரன்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் அதே வயரை இரண்டு முறை உள்ளே விட்டு எடுங்கள். 20 மில்லி வோல்ட் ஆகிவிடும்.

முதலில் ஸ்டார்ட்டிங் கரன்ட். ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்கிற சிங்கிள் ஃபேஸ் போர்வெல் மோட்டார், புறப்படும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். செங்குத்தாகக் கட்டத்துக்கு 50 ஆம்பியர், கிடையாகக் கட்டத்துக்கு 200 மில்லி நொடி, டிரிகர் (பதிவைத் தொடங்கி வைக்கும் அளவு) 25 ஆம்பியரில், சிங்கிள் மோட் (ஒரே முறை பிடித்து நிறுத்துவது). டிரிகர் புள்ளியை இடது ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் படம் ஓடிப்போய்விடும். 20 மெகா ஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட்டைப் போட்டுவிட்டால் கான்டாக்டர் பொறியில் பொய் டிரிகர் விழுவது குறையும்.

படத்தில் பார்க்க வேண்டியது உச்சத்தைவிட, அது அடங்கும் நேரம். நல்ல மோட்டாரில் கரன்ட் சட்டென்று படி இறங்கும். திரை முடியும்வரை இறங்காமல் நின்றால், ஸ்டார்ட் கெபாசிட்டர் தளர்ந்திருக்கலாம், லைன் வோல்டேஜ் தொய்ந்திருக்கலாம், பம்ப் மண்ணில் பிடித்திருக்கலாம். முதல் ஓரிரு சைக்கிள் உச்சத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். புறப்படும் கரன்ட்டில் கலந்திருக்கும் டி.சி. பங்கை சி.டி. காட்டாது, கோர் நிரம்பி முனை மழுங்கும். சோலார் பம்பின் பேனல் பக்கத்துக்கும் இதே காரணத்தால் சி.டி. உதவாது, டி.சி.யையும் அளக்கும் ஹால் வகை கிளாம்ப் வேண்டும்.

இனி வோல்டேஜ். இங்கேதான் உயிர் போகும். புரோபின் கிரவுண்ட் கிளிப், ஸ்கோப்பின் எர்த் பின்னோடு நேராக இணைந்தது. அதை ஃபேஸில் மாட்டினால் ஷார்ட். நியூட்ரலில் மாட்டினால் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். இதற்காக எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கிளிப்பை ஃபேஸில் மாட்டியதும் ஸ்கோப்பின் உடம்பும் பி.என்.சி. வளையமும் 230 வோல்ட்டில் நிற்கும், சி.டி. கேபிளைத் தொட்டாலே அடிக்கும். செலவு செய்வதென்றால் முதலில் ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல் புரோபுக்கு (எர்த்தோடு இணைக்காமல் இரு முனைகளின் வித்தியாசத்தை அளப்பது) செய்யுங்கள்.

கரன்ட், வோல்டேஜ் இரண்டும் கிடைத்ததும் மேத் மெனுவில் பெருக்கல்: முதல் சேனல் இன்ட்டு இரண்டாம் சேனல். அதன் சராசரிதான் வாட். திரையில் முழுச் சைக்கிள்கள் மட்டும் இருக்க வேண்டும். திரை முழுவதற்கும் 100 மில்லி நொடி வைத்தால் சரியாக ஐந்து. சராசரி மைனஸில் வந்தால் சி.டி.யைத் திருப்பி மாட்டுங்கள். 230 வோல்ட், 9.5 ஆம்பியர் என்றால் 2185 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்); சராசரி 1700 வாட் வந்தால் பவர் ஃபேக்டர் 0.78.

இதில் கெடுவது கோணம். 50 ஹெர்ட்ஸில் 1 மில்லி நொடி 18 டிகிரி. ஒரு சேனல் டி.சி. கப்ளிங், இன்னொன்று ஏ.சி. கப்ளிங் (டி.சி. பங்கை வடிகட்டிவிடுவது) என்று இருந்தால், ஏ.சி. கப்ளிங்கின் கட்-ஆஃப் 10 ஹெர்ட்ஸாக இருக்கும் ஸ்கோப்பில் 11 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். இரண்டையும் டி.சி.யில் வையுங்கள். சி.டி.யும் தன் பங்குக்குக் கரன்ட்டைச் சற்று முந்திக் காட்டும். அதைக் கண்டுபிடிக்க இஸ்திரிப்பெட்டி போதும். அது வெறும் ரெசிஸ்டன்ஸ் என்பதால் இரண்டு அலையும் ஒரே இடத்தில் சுழியைக் கடக்க வேண்டும். 160 மைக்ரோ நொடி விலகியிருந்தால் கிட்டத்தட்ட 3 டிகிரி. ஸ்கோப்பின் டெஸ்க்யூ (சேனல்களின் நேர விலகலைச் சரிசெய்யும் வசதி) நானோ நொடிக் கணக்குக்கு உள்ளது, இதைத் தீர்க்காது. கையால் கூட்டுங்கள்: 37 டிகிரி என்று காட்டினால் உண்மை 40; பவர் ஃபேக்டர் 0.80 அல்ல, 0.77.

திருப்பூர் நிட்டிங் மெஷின்களில் டிரைவ் வந்துவிட்டதால் எஃப்.எஃப்.டி.யும் (அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) வேண்டியிருக்கும். த்ரீ ஃபேஸ் டிரைவின் இன்புட் கரன்ட்டில் 250, 350 ஹெர்ட்ஸ் கோடுகள் நிற்கும். 5 ஹெர்ட்ஸ் நுணுக்கம் வேண்டுமானால் 200 மில்லி நொடிப் பதிவு அவசியம். எஃப்.எஃப்.டி. மெனுவின் விண்டோ வகைகளில், கோடுகளைப் பிரித்துப் பார்க்க ஹானிங், உயரத்தை அளக்க ஃபிளாட் டாப். டைம்பேஸ் மெதுவானால் சாம்பிள் வேகமும் குறையும். டிரைவின் பல கிலோ ஹெர்ட்ஸ் ஸ்விட்சிங், கீழ் அதிர்வெண்ணில் உண்மையில் இல்லாத ஒரு கோடாக வந்து உட்காரும். சி.டி.யின் அவுட்புட்டில் 1 கிலோ ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் ஃபில்டர் போட்டால் 1.6 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் தணியும்; 250 ஹெர்ட்ஸில் ஒரு சதவீதம்தான் குறையும். வாட் பார்க்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள், 50 ஹெர்ட்ஸில் 1.8 டிகிரி பின்தள்ளும்.

ரீவைண்டிங் செய்த மோட்டாரை நல்ல மோட்டாரோடு ஒப்பிட பாஸ்-ஃபெயில் மாஸ்க் (படம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வசதி) இருக்கிறதே என்று தோன்றும். ஸ்டார்ட்டிங் கரன்ட்டுக்கு அது வேலை செய்யாது. சுவிட்ச் போடும் கணத்தில் அலை எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து, அதே மோட்டாரே ஒவ்வொரு முறையும் வேறு படம் தரும். அங்கே அடங்கும் நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். மாஸ்க்கை ஓடும் கரன்ட்டுக்கு வையுங்கள், டிரிகரை ஏ.சி. லைன் என்று மாற்றி. ஸ்கோப்பும் மோட்டாரும் ஒரே ஃபேஸில் இருந்தால், வோல்டேஜ் புரோபே இல்லாமல் படம் அசையாமல் நிற்கும்.